செசாரோ: கம்பெனி கெடுத்ததா, இல்லை அவரே அவ்வளவுதானா?

மூன்றாம்கயிறு எழுதியது:

அண்டர்டேக்கருக்கும் ஜான் சீனாவுக்கும் இங்கே பக்கம் பக்கமாக இழை ஓடுகிறது. செசாரோ என்ற ரெஸ்லிங் வீரரின் பெயரைப் போட்டுத் தேடினால் டேக் டீம் (ஜோடி ஆட்டம்) பட்டியல்களில் போகிற போக்கில் வருகிறார், அவ்வளவுதான். சரி, நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நிஜப்பெயர் கிளாடியோ காஸ்டன்யோலி. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஊர்க்காரர், 1980 டிசம்பரில் பிறந்தவர். 2000-இல் ஐரோப்பாவின் சின்ன அரங்குகளில் தொடங்கி, அமெரிக்கா போய் சிக்காரா, ரிங் ஆஃப் ஹானர் போன்ற கம்பெனிகளில் கிறிஸ் ஹீரோவோடு ஜோடி சேர்ந்து 'கிங்ஸ் ஆஃப் ரெஸ்லிங்' என்ற பெயரில் கலக்கினார். 2011-இல் பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஈ-யில் ஒப்பந்தம். 2012 ஏப்ரலில் அவர்களுடைய வாராந்திர டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் அன்டோனியோ செசாரோவாக வந்தார். முரட்டு ஆட்டத்துக்காக ரக்பியிலிருந்து விரட்டப்பட்டவர் என்று ஒரு கதையை ஒட்டி அனுப்பினார்கள். அதே ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் முன்னோட்ட நிகழ்ச்சியில் சான்டினோ மரேலாவைத் தோற்கடித்து யுனைடெட் ஸ்டேட்ஸ் பெல்ட் (சாம்பியன் பட்டம்). அதை 239 நாள் வைத்திருந்தார்.

இவ்வளவு சீக்கிரம் பெல்ட் கிடைத்த ஒருவர், பத்து வருடம் கழித்து 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்து வெளியேறும்போது ஒரு தடவைகூட உலக சாம்பியன் ஆகவில்லை. கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மைக் பிடித்தால் பேச வராது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2014 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நடந்ததைப் பார்த்தாலே காரணம் தெரியும். பேச வராதவர் என்று சொல்லப்பட்ட ஆளுக்குப் பேசுவதற்கென்றே பிறந்த பால் ஹேமனை மேனேஜராகக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த ஹேமனை வைத்தே அவரைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

பெல்ட்பிரியன் எழுதியது:

நல்ல இழை பாஸ். ஆனால் மைக் விஷயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. டபிள்யூடபிள்யூஈ-யில் மேட்ச் என்பது பாதிதான். மீதிப் பாதி, திங்கட்கிழமை 'ரா' டிவி நிகழ்ச்சியில் ரிங் நடுவில் நின்று இருபது நிமிடம் கூட்டத்தைக் கட்டிப்போடுவது. ராக், ஆஸ்டின், பங்க் எல்லாம் அப்படித்தான் மேலே வந்தார்கள். செசாரோவின் பேச்சில் இப்போது நினைவில் நிற்கிற ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. 2013 ஆரம்பத்தில் ரிங்குக்குள் வரும்போது யோடலிங் பாட வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆல்ப்ஸ் மலை மாடு மேய்ப்பவர் மாதிரி. அதைப் பார்த்தே நான் சேனலை மாற்றியிருக்கிறேன்.

மூன்றாம்கயிறு எழுதியது:

யோடலிங் அவர் கேட்டு வாங்கியதா பாஸ்? நீங்கள் சொல்வதே என் கட்சிக்குத்தான் சாட்சி.

இப்போது 2014. பிப்ரவரியில் ஸ்மாக்டவுனில் ராண்டி ஆர்டனைத் தோற்கடித்தார். ஆர்டன் அப்போது உலக சாம்பியன், பெல்ட்டுக்கான மேட்ச் இல்லை என்றாலும் வெற்றி வெற்றிதான். மறு வாரம் ராவில் சீனாவோடு ஒரு மேட்ச். தோற்றார், ஆனால் அன்று இரவு அரங்கிலிருந்தவர்கள் வெளியே போகும்போது யாரைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று அந்த மேட்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஜாக் ஸ்வேகரோடு 'ரியல் அமெரிக்கன்ஸ்' ஜோடியில் வில்லன் வேடம், மறுபக்கம், எதிராளியின் காலைப் பிடித்துச் சுற்றும் அவர் வித்தைக்காகக் கூட்டமே 'சுற்று, சுற்று' என்று கை தட்டுகிறது. வில்லனாக இருக்கும்போதே ஜனங்கள் தாங்களாக ஒருவரைத் தூக்கிக் கொண்டாடுவது எத்தனை பேருக்கு நடக்கும்?

ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், டபிள்யூடபிள்யூஈ-யின் வருடாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியா 30. ஆந்த்ரே தி ஜயன்ட் நினைவு பேட்டில் ராயல் (மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவர் அவுட், கடைசியாக மிஞ்சுபவர் வெற்றி), மொத்தம் 31 பேர். கடைசியில் மிஞ்சியது பிக் ஷோவும் இவரும். கிட்டத்தட்ட இருநூறு கிலோ ஆளை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மேல் கயிற்றைத் தாண்டி வெளியே போட்டார். 1987-இல் ஹல்க் ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கிய காட்சியை அப்படியே நினைவுபடுத்துவதுபோல அமைத்த தருணம் அது. மறுநாள் ராவில் ஹோகனே வந்து கோப்பையைப் பாராட்டிப் பேசுகிறார். இதைவிட ஒருவருக்கு என்ன வாசல் திறக்க முடியும்?

அந்த வாசலிலேயே அவரை ஹேமனின் ஆள் ஆக்கினார்கள். ஆனால் முந்தைய இரவுதான் ஹேமனின் இன்னொரு ஆளான பிராக் லெஸ்னர், அண்டர்டேக்கரின் 21 ரெஸில்மேனியா வெற்றித் தொடரை முடித்திருந்தார். அப்புறம் என்ன? செசாரோவோடு ரிங்குக்கு வரும் ஹேமன் வாரா வாரம் பேசியதெல்லாம் லெஸ்னர் புராணம். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தன் ரசிகர்களே கைதட்டிக்கொண்டிருந்த ஆளை, அவர்கள் மனம் நொந்துபோயிருந்த விஷயத்தைப் பெருமையடிக்கும் மேனேஜரோடு சேர்த்தால் கைதட்டல் எங்கிருந்து வரும்? ஜூலையில் பிரித்துவிட்டார்கள். ஒரு சண்டைக் கதைகூட இல்லாமல் பிரிந்தார்கள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ராத்திரிரா எழுதியது:

அதே வருடம் டிசம்பரில் டபிள்யூடபிள்யூஈ முதலாளி வின்ஸ் மக்மேன், ஆஸ்டினின் பாட்காஸ்டில் உட்கார்ந்துகொண்டு செசாரோ ஜனங்களோடு ஒட்டவில்லை, ஒருவேளை அவர் சுவிஸ்காரர் என்பதால் இருக்கலாம் என்று சொன்னாரே, அதை விட்டுவிட்டீர்கள். நேரலையில் சொன்னார். சொந்தக் கம்பெனி முதலாளி, சொந்த ஆளைப் பற்றி.

அரங்கத்தில் ஜனங்கள் 'செசாரோ செக்‌ஷன்' என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒட்டவில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

சூரிச்வாசி எழுதியது:

சுவிஸ்காரர் என்ற பேச்சு வந்ததால் நானும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவன். ஐந்து மொழி கதைப்பார் என்று டபிள்யூடபிள்யூஈ-யில் அதை ஒரு அதிசயம் மாதிரிக் காட்டினார்கள். லூசர்னில் வளரும் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் சுவிஸ் ஜெர்மன், பள்ளிக்கூடத்தில் எழுத்து ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம். பெயரே இத்தாலியப் பெயர். இங்கே வளரும் எங்கள் தமிழ்ப் பெடியன்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான், தமிழையும் சேர்த்தால்.

இங்கே மல்யுத்தம் என்று சொன்னால் சனத்துக்கு நினைவு வருவது ஷ்விங்கன். மரத்தூள் பரப்பிய வட்டம், முழங்காலுக்கு மேலே போடும் முரட்டுச் சணல் காற்சட்டை, அதைப் பிடித்துத்தான் எதிராளியைத் தூக்கிப் போட வேண்டும். வென்றவர், தோற்றவரின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட வேண்டும் என்பது மரபு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய விழாவில் வென்றவருக்குப் பரிசு ஒரு காளை மாடு. அமெரிக்க ரெஸ்லிங்கில் ஒரு சுவிஸ்காரர் பேர் எடுத்தார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. சொந்த நாட்டிலேயே அந்த நிலைமை என்றால் பாருங்கோ.

ரிங் ஆஃப் ஹானர் காலத்தில் அவர் ஒரு பவர்பாமுக்கு (எதிராளியைத் தூக்கி முதுகு படக் கீழே போடும் வித்தை) 'ரிகோலா பாம்' என்று பேர் வைத்திருந்தார். ரிகோலா என்பது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் இருமல் மிட்டாய்.

காரைக்குடி காளை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜெயிப்பது யார் தோற்பது யார் என்று முன்பே எழுதி வைத்துத்தானே ஆடுகிறார்கள்? அப்புறம் இதில் திறமை, அநியாயம் எல்லாம் எங்கிருந்து வந்தது? நடிகருக்கு நல்ல வேடம் தரவில்லை என்று சொல்லுங்கள், முடிந்தது.

மூன்றாம்கயிறு எழுதியது:

காளை, முடிவு எழுதி வைத்ததுதான், இங்கே யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரின் எடையை யாரும் எழுதி வைக்க முடியாது.

செசாரோ ஸ்விங் என்றால் என்ன என்று பாருங்கள். கீழே கிடப்பவரின் இரண்டு காலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்றில் மேலே இருப்பவரின் இடுப்பும் தொடையும் வேலை செய்யும். அப்புறம் வேகம் ஏற ஏற எதிராளியின் எடை வெளியே இழுக்கும், பிடி நழுவினால் அவர் தலை கயிற்றுக்கம்பத்தில். தலைசுற்றலை அடக்கிக்கொண்டு, முடிந்தவுடன் தள்ளாடாமல் அடுத்த அடி கொடுக்க வேண்டும். 2013 அக்டோபர் பேட்டில்கிரவுண்டில் இதை நம்ம கிரேட் காளியை வைத்துச் செய்தார். ஏழடி ஆள்! காளியை ஒருவர் நகர்த்தினாலே பெரிய விஷயம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த சூப்பர்பிளெக்ஸ். எதிராளி கயிற்றுக்கு வெளியே விளிம்பில் நிற்பார். இவர் உள்ளே இரண்டாவது கயிற்றில் ஏறி நின்று, குதிக்கவோ உந்தவோ இடமில்லாமல், வெறும் முதுகு பலத்தில் அவரை மேலே தூக்கி உள்ளே கொண்டுவந்து போடுவார். பொதுவாக இந்த மாதிரி வித்தையில் தூக்கப்படுபவரும் குதித்து உதவுவார். இந்த ஒன்றில் அவரால் பெரிதாக உதவ முடியாது. அதனால்தான் இவர் அதை அவசரப்படாமல், மெதுவாகத் தூக்கிக் காட்டுவார்.

அடைமழை எழுதியது:

எல்லோரும் ஒற்றையர் கணக்கையே பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். இவர் அடிப்படையில் ஒரு டேக் டீம் கலைஞர். அதை ஆறுதல் பரிசு மாதிரி நாம் பேசுவதுதான் பிரச்சினை.

வரிசையாகப் பாருங்கள். கிறிஸ் ஹீரோவோடு 2006-இலும் 2010-இலும் ரிங் ஆஃப் ஹானர் டேக் பெல்ட், இரண்டாவது முறை ஏறக்குறைய ஓராண்டு. டைசன் கிட்டோடு 2015 பிப்ரவரியில் ஊசோ சகோதரர்களிடமிருந்து பெல்ட். அந்த ஜோடி ஏப்ரலில் நியூ டேயிடம் இழந்து, மீண்டும் சூடு பிடிக்கும்போது ஜூனில் கிட்டுக்குக் கழுத்தில் பயங்கரக் காயம். அவர் அப்புறம் ரிங்கில் ஆடவே இல்லை. அது யார் தப்பும் இல்லை, விதி.

அப்புறம் ஷேமஸ். 2016-இல் இரண்டு பேருக்கும் ஏழு மேட்ச் தொடர் வைத்தார்கள். ஷேமஸ் முதல் மூன்றையும் ஜெயித்தார், இவர் அடுத்த மூன்றையும் ஜெயித்துச் சமன் செய்தார், ஏழாவது முடிவில்லாமல் போனது. பார்க்கிற நமக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அங்கிருந்துதான் மிக் ஃபோலி இருவரையும் ஜோடியாக்கி 'தி பார்' பிறந்தது. அந்த டிசம்பரில் நியூ டேயின் 483 நாள் சாதனை ஆட்சியை முடித்தவர்கள் இவர்கள்தான். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே ஆரம்பித்து, கடைசியில் ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு வரும் அளவுக்கு வளர்ந்த ஜோடி. அந்தப் பத்தாண்டில் இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ஜோடிக் கதை எனக்கு வேறு தெரியாது. மூன்று வெவ்வேறு ஆட்களோடு, மூன்று வெவ்வேறு பாணியில், ஒவ்வொரு முறையும் உச்சம். நாலாவதாக 2020-இல் நாகமுராவோடும் ஸ்மாக்டவுன் பெல்ட்.

உலக சாம்பியன் ஆனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜிந்தர் மஹாலும்தான் ஆனார்.

பெல்ட்பிரியன் எழுதியது:

ஜிந்தரை ஏன் இழுக்கிறீர்கள், பாவம்!

அடைமழை சொல்வது நியாயம். 2017 செப்டம்பர் நோ மெர்சியை நானே சொல்கிறேன். ஆம்ப்ரோஸ், ரோலின்ஸ் ஜோடிக்கு எதிரான மேட்ச். முகம் ரிங் கம்பத்தில் மோதி முன்பல் இரண்டும் உடையக்கூட இல்லை, ஈறுக்குள் மேலே ஏறிவிட்டன. வாயெல்லாம் ரத்தம். மனுஷன் மேட்சை முடித்துவிட்டுத்தான் போனார். அப்புறம் கொஞ்ச காலம் வாயில் காப்பு மாட்டிக்கொண்டு ஆடினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ராத்திரிரா எழுதியது:

அந்தப் பல்லுக்கு அவர்கள் கொடுத்த மரியாதையையும் சொல்லுங்கள். 2018 ரெஸில்மேனியா 34. ப்ரான் ஸ்ட்ரோமேன் பார்வையாளர்களிலிருந்து நிக்கோலஸ் என்ற பத்து வயதுப் பையனைக் கூட்டி வந்து ஜோடியாக்கிக்கொண்டு தி பாரிடமிருந்து பெல்ட்டை வாங்கினார். இடம் எது தெரியுமா? அதே நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். பிக் ஷோவைத் தூக்கிய அதே கட்டடத்தில் நாலு வருடம் கழித்து.

மூன்றாம்கயிறு எழுதியது:

அது எனக்கும் இவ்வளவு நாள் உறைக்கவில்லை ராத்திரிரா.

2021-க்கு வருவோம். ஏப்ரல் 10, டாம்பாவில் ரெஸில்மேனியா 37. செத் ரோலின்ஸைத் தோற்கடித்தார். முந்தைய வருடம் முன்னோட்டத்தில் ட்ரூ குலாக்கோடு ஒரு குட்டி மேட்ச் ஆடியதை விட்டுவிட்டால், ரெஸில்மேனியாவில் இதுதான் அவருக்கு முதல் ஒற்றையர் மேட்ச். சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து! ரோலின்ஸைத் தோளில் கிடத்தி, கையை விட்டுவிட்டுச் சுற்றிய அந்த வித்தையும், இருபது சுற்றைத் தாண்டிய ஸ்விங்கும். கோவிட்டுக்குப் பிறகு முதல்முறையாக நிஜ ரசிகர்கள் உட்கார்ந்திருந்த நிகழ்ச்சி அது. கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒட்டவில்லையாம்.

அடுத்த மாதம் ரோமன் ரெய்ன்ஸோடு பட்டத்துக்கான மேட்ச். பே-பர்-வியூவில் (காசு கட்டிப் பார்க்கும் பெரிய நிகழ்ச்சி) உலகப் பட்டத்துக்கு ஒற்றைக்கு ஒற்றை அவர் ஆடிய முதல் மேட்ச். அரங்கில் யார் இருந்தார்கள்? யாருமே இல்லை. சுற்றிலும் டிவித் திரைகளில் முகங்கள், ஒலிபெருக்கியில் பதிவு செய்த கைதட்டல். அவருடைய பலமே நேரில் உட்கார்ந்திருக்கும் ஆள் வாயைப் பிளப்பதில் இருக்கிறது. அது கிடைத்த ஏப்ரலில் பட்டம் இல்லை, பட்ட மேட்ச் கிடைத்த மே மாதத்தில் ஆள் இல்லை.

பெல்ட்பிரியன் எழுதியது:

சரி, இப்போது என் கடைசிக் கேள்வி. எல்லாப் பழியையும் டபிள்யூடபிள்யூஈ தலையில் போடுகிறீர்கள். 2022 ஜூன் 26 சிகாகோவில் நடந்த ஃபார்பிடன் டோர் நிகழ்ச்சியில், அடிபட்டிருந்த பிரையன் டேனியல்சனுக்குப் பதிலாக, கிளாடியோ என்ற சொந்தப் பெயரில் போட்டிக் கம்பெனியான ஏஈடபிள்யூ-வுக்கு வந்தார். அரங்கமே அதிர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே வின்ஸ் கிடையாது, யோடலிங் கிடையாது. ஆனாலும் அங்கேயும் முதல் நாற்காலி கிடைக்கவில்லையே? மாக்ஸ்லியின் பக்கத்தில், இப்போது டெத் ரைடர்ஸ் கும்பலில் அடியாள் மாதிரி நிற்கிறார். இரண்டு கம்பெனியும் ஒரே முடிவுக்கு வந்தால், ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடைமழை எழுதியது:

வந்த ஒரு மாதத்துக்குள் ரிங் ஆஃப் ஹானர் உலக பெல்ட்டை ஜொனாதன் கிரெஷமிடம் ஜெயித்தாரே, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா? ஜெரிகோவிடம் இழந்து, டிசம்பரில் திரும்ப வாங்கியதையும்? அந்த மேட்ச் முடிந்த விதம் தெரியுமா? ஸ்விங்கில் சுற்றிக்கொண்டே இருந்தார், ஜெரிகோ தாங்க முடியாமல் கையைத் தட்டிச் சரணடைந்தார். வேடிக்கை வித்தை என்று நினைத்ததை வைத்தே ஒரு உலக பட்டத்தை முடித்துக் காட்டினார்.

பெல்ட்பிரியன் எழுதியது:

சேர்க்கிறேன். ஆனால் ரிங் ஆஃப் ஹானர் அப்போது ஏஈடபிள்யூ முதலாளி டோனி கானின் இரண்டாவது கடைதானே.

மூன்றாம்கயிறு எழுதியது:

பெல்ட்பிரியன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, தப்பிக்கப் பார்க்கவில்லை. என் பதில் இது. 2014-இல் அவருக்கு 33 வயது, ஜனங்கள் பக்கம். ஏஈடபிள்யூ வரும்போது 41. பத்து வருடமாக 'நல்லவன், ஆனால் முதல் ஆள் இல்லை' என்று பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நாமும் அங்கே அவரைப் பார்த்தோம், டோனி கானும் பார்த்தார். ஒருவருக்கு ஒரு இடம் என்று பதிந்துவிட்டால் கம்பெனி மாறினாலும் அந்தப் பதிவு கூடவே வரும். அப்சர்வர் என்ற ரெஸ்லிங் பத்திரிகையின் வாசகர்கள் 2013-லிருந்து தொடர்ந்து சில ஆண்டுகள் இவருக்கே 'மிகக் குறைவாக மதிக்கப்பட்டவர்' விருதைக் கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதுவே அவருடைய அடையாள அட்டையாகிவிட்டது.

இன்னொரு காரணம் அவர் குணத்திலேயே இருக்கிறது. எதிராளியைப் பெரியவனாகக் காட்டிவிட்டுத்தான் இவர் அடிப்பார். எடி கிங்ஸ்டன் 2023 செப்டம்பரில் இவரிடமிருந்து ரிங் ஆஃப் ஹானர் பெல்ட்டை வாங்கிய இரவைப் பாருங்கள். அந்த மேட்ச் முழுக்க எடிக்காகக் கட்டப்பட்டது. எடி அழுகிறார், கூட்டம் அழுகிறது. அதை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனதில் பாதி வேலை கிளாடியோவுடையது. ஆனால் அந்தப் படத்தில் அவர் முகம் இல்லை. எல்லாக் கம்பெனிக்கும் இப்படி ஒரு ஆள் தேவை. அந்த ஆளை அந்த இடத்திலிருந்து எடுத்து மேலே வைக்க எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது.

காரைக்குடி காளை எழுதியது:

நீங்கள் இவ்வளவு எழுதியதில் ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எதில் ஆரம்பிக்கட்டும்? நீளமாக இருந்தால் தூங்கிவிடுவேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம்கயிறு எழுதியது:

2013 ஆகஸ்ட், டபிள்யூடபிள்யூஈ-யின் புதுமுகங்களுக்கான நிகழ்ச்சியான என்எக்ஸ்டி-யில் சாமி ஸேனோடு மூன்றில் இரண்டு வெற்றி மேட்ச். கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒருவன் ஒல்லி, பிடிவாதக்காரன். ஒருவன் அவனைக் கசக்கிப் பிழிகிறான். அவ்வளவுதான்.

அடைமழை எழுதியது:

புதிதாகப் பார்ப்பவருக்கு அது வேண்டாம். 2015 ஜூலை ராவில் சீனாவோடு யுனைடெட் ஸ்டேட்ஸ் பெல்ட்டுக்கு ஆடியதைக் காட்டுங்கள். சீனாவை எல்லோருக்கும் தெரியும், உடனே பிடித்துக்கொள்வார்.

மூன்றாம்கயிறு எழுதியது:

அதில் சீனா ஜெயிக்கிறார் என்று காளைக்கு இப்போது தெரியாது, கெடுத்துவிடாதீர்கள்.

அடைமழை எழுதியது:

நீங்களே சொல்லிவிட்டீர்கள் பாஸ்.